ஐம்பது நாள் ஆர்டரும் ஒற்றைக் காகிதமும்!

ஃபைனல் இயர் மக்களே... புராஜெக்ட், வைவா, ஃபேர்வெல், குரூப் போட்டோ எல்லாம் முடிஞ்சாச்சா? 'அடுத்து வேலைதான் பாஸ்!' என்கிறீர்களா? அப்படின்னா இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் நின்னு பாருங்க. சென்னை பக்கம் போற பஸ், சேலம் பக்கம் போற பஸ்... ரெண்டிலும் தோளில் பை, காதில் ஹெட்போன் சகிதமாக உங்க வயசுப் பசங்க. கரும்பு, நெல், மரவள்ளியை நம்பி நிற்கிற மாவட்டம். படிச்ச பிள்ளைகளுக்கு வேலை வேணும்னா திருப்பூர், சென்னை, ஓசூர், பெங்களூருதான். இன்னிக்கு பஸ் ஏறுகிறவர்களில் நிறைய பேர் 2020-ல் ஸ்கூல் யூனிஃபார்மில் இருந்தவர்கள். கொரோனான்னா அவங்களுக்கு ஆன்லைன் க்ளாஸும் ஆல் பாஸும்தான் ஞாபகம். ஆனா அவங்க அண்ணன், அக்காவுக்கு ஞாபகம் இருப்பது வேற. 'அந்த மார்ச் மாசச் சம்பளம் வந்துச்சா, இல்லையா?'

அந்த ஒரு கேள்விக்கு சட்டம் சொன்ன பதில் மூணு மாசத்துக்குள் மூணு தடவை மாறியது. எப்படி மாறியது, அதில் யார் தப்பிச்சாங்க, யார் மாட்டினாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா, முதல் வேலையில் சேரும்போது எதைக் கேட்டு வாங்கணும்னு உங்களுக்கே புரிஞ்சுடும்.

நாலு மாசக் கைக்குழந்தை

2019 நவம்பர் 26. விழுப்புரத்தில் இருந்து பிரிஞ்சு கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கிய நாள். கலெக்டர் ஆபீஸ், எஸ்.பி. ஆபீஸ்னு எல்லாமே புதுசு. அந்தக் கைக்குழந்தைக்கு நாலு மாசம் முடியறதுக்குள்ள, 2020 மார்ச் 24 சாயங்காலம் 6 மணிக்கு தமிழ்நாடு முழுக்க 144. அன்னிக்கு ராத்திரி 8 மணிக்கு பிரதமர் டி.வி-யில் வந்து, நள்ளிரவில் இருந்து 21 நாள் நாடே ஊரடங்குன்னு அறிவிச்சார்.

'இப்படி ஒரே ராத்திரியில் எல்லாத்தையும் மூட எந்தச் சட்டத்தில் இடம் இருக்கு?'ன்னு கேட்டா, மூணு சட்டங்களைக் கை காட்டலாம். முதலாவது, தொற்றுநோய்ச் சட்டம், 1897. பம்பாயில் 1896-ல் பிளேக் பரவியபோது வெள்ளைக்காரன் அவசரமாகப் போட்டது. முதலில் மொத்தமே நாலு பிரிவுதான். ரெண்டாவது, நம்ம ஊர் சரக்கு... 1939-ல் வந்த சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம். மூணாவது, பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005. 2004 டிசம்பர் 26-ல் கடல் உள்ளே வந்ததே, அந்த சுனாமிக்கு அடுத்த வருஷம் பிறந்த சட்டம் இது.

தேசிய ஊரடங்கு மூணாவது சட்டத்தின் கீழ் வந்தது. சுனாமி, வெள்ளம், பூகம்பத்தை மனசில் வெச்சு எழுதின சட்டம். அதில், 'கடையை மூடச் சொன்னா, உள்ளே வேலை பார்த்தவருக்கு யார் சம்பளம் தரணும்?' என்பதற்கு ஒரு வரி கூடக் கிடையாது. சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

மார்ச் 29: வந்தது ஆர்டர்!

ஊரடங்கு ஆரம்பிச்ச நாலே நாளில் வட இந்திய நெடுஞ்சாலைகள் முழுக்க மூட்டை முடிச்சுடன் மனிதர்கள். வேலை போச்சு, வாடகை கொடுக்க முடியலை, ஊருக்கே நடந்துடலாம்னு கிளம்பினவங்க. இந்த நடையை நிறுத்தத்தான் மத்திய உள்துறை அமைச்சகம் 2020 மார்ச் 29-ல் ஓர் ஆர்டர் போட்டது. அதில் மூணு விஷயம் முக்கியம்.

ஒண்ணு, தொழிற்சாலையோ, கடையோ, வணிக நிறுவனமோ, மூடியிருக்கும் காலத்துக்கும் தொழிலாளிக்குச் சம்பளத்தை உரிய தேதியில், ஒரு பைசா பிடிக்காமல் கொடுக்கணும்.

ரெண்டு, வாடகை வீட்டில் இருக்கிற தொழிலாளிகளிடம் ஒரு மாசத்துக்கு வாடகை கேட்கக் கூடாது.

மூணாவதை ஹாஸ்டல், மேன்ஷன் மக்கள் கவனிங்க... தொழிலாளிகளையும் மாணவர்களையும் 'ரூமைக் காலி பண்ணு'ன்னு கட்டாயப்படுத்தும் வீட்டு ஓனர் மீது நடவடிக்கை எடுக்கப்படும். ஆமாம், ஸ்டூடன்ட்ஸ் பேரையும் சேர்த்தே போட்டிருந்தாங்க!

படிக்கும்போது செமையா இருக்கு இல்லையா? தொழிலாளிக்குப் பெரிய நிம்மதி. ஆனா இதே காகிதத்தைக் கல்லாப்பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து படிச்சுப் பாருங்க.

கல்லாவுக்கு அந்தப் பக்கம்

ஒரு பேச்சுக்கு, சங்கராபுரத்தில் உங்க அப்பா ஒரு செல்போன் கடை வெச்சிருக்கார். நாலு பசங்க வேலை பார்க்கிறாங்க. ஷட்டர் இறங்கியாச்சு. கடை வாடகை நிற்கலை. ஸ்டாக் எடுத்த கடனுக்கு வட்டி நிற்கலை. வரவு மட்டும் சுத்தமா பூஜ்யம். இந்த நிலையில் 'நாலு பேருக்கும் முழுச் சம்பளம் கொடு, இல்லைன்னா நடவடிக்கை'ன்னு டெல்லியில் இருந்து ஆர்டர். அவர் என்ன கேட்பார்? 'கடையை மூடச் சொன்னது நானா? வேலையே நடக்காதப்ப எதை வெச்சு நான் சம்பளம் கொடுக்கிறது?'

இதே கேள்வியோடுதான் நாடு முழுக்க இருந்து சிறு, நடுத்தர நிறுவனங்கள் உச்ச நீதிமன்றப் படியேறினார்கள். அதில் முதலில் பேர் அடிபட்டது ஃபைகஸ் பாக்ஸ் என்கிற தனியார் நிறுவனம். 'பேரிடர்ச் சட்டத்தில், தனியார் முதலாளியைச் சம்பளம் கொடுக்கச் சொல்ல அரசுக்கு அதிகாரமே இல்லை. பெரிய கம்பெனிக்கும் பெட்டிக்கடைக்கும் ஒரே ஆர்டரா?' என்பது அவர்கள் வாதம்.

வழக்கு நடந்துட்டு இருக்கும்போதே, மே 17-ல் உள்துறை அமைச்சகம் புது ஊரடங்கு விதிகளைப் போட்டு, மே 18 முதல் பழைய ஆர்டர்களை வாபஸ் வாங்கியது. மார்ச் 29 ஆர்டரும் அதோடு போச்சு. எண்ணிப் பாருங்க, மார்ச்சில் மூணு நாள், ஏப்ரலில் முப்பது, மே-யில் பதினேழு. மொத்தம் ஐம்பதே நாள்!

2020 ஜூன் 12-ல் நீதிபதிகள் அசோக் பூஷண், சஞ்சய் கிஷன் கௌல், எம்.ஆர்.ஷா அடங்கிய அமர்வு இடைக்கால உத்தரவு கொடுத்தது. 'சம்பளம் கொடுக்காத முதலாளிகள் மீது கட்டாய நடவடிக்கை வேண்டாம். தொழிலும் தொழிலாளியும் ஒருவரை நம்பி ஒருவர் இருப்பவர்கள். அந்த ஐம்பது நாள் சம்பளம் பற்றி உட்கார்ந்து பேசுங்க. பேசி முடியலைன்னா தொழிலாளர் துறை அதிகாரிகளிடம் சமரசத்துக்குப் போங்க' என்பது அதன் சாரம். ஆர்டர் செல்லுமா, செல்லாதா என்ற பெரிய கேள்விக்கு அன்னிக்கு பதில் வரலை.

ஆக, மார்ச்சில் 'முழுச் சம்பளம்'. மே-யில் 'ஆர்டர் வாபஸ்'. ஜூனில் 'பேசித் தீர்த்துக்கோங்க'. முதலாளியைக் குறை சொல்ல முடியாது, தொழிலாளியையும் குறை சொல்ல முடியாது. ஆனா 'பேசித் தீர்த்துக்கோங்க' என்ற வார்த்தையில் ஒரு சூட்சுமம் இருக்கு. பேச உட்காருகிறவர், தான் அங்கே வேலை பார்த்தவர் என்பதை முதலில் நிரூபிக்கணுமே!

ரெண்டு ஃப்ரெண்ட்ஸ், ஒரு கணக்கு

கற்பனையா ஒரு கணக்கு போடுவோம். கச்சிராயபாளையத்தில் இருந்து ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் திருப்பூருக்குப் போறாங்க. ஒரே தெரு, ஒரே வேலை. முதல் ஆளுக்கு அப்பாயின்ட்மென்ட் லெட்டர் உண்டு. சம்பளம் பேங்க் அக்கவுன்ட்டில் விழும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிப்பாங்க. ரெண்டாவது ஆளுக்கு சனிக்கிழமை சனிக்கிழமை கையில் காசு. 'பிடித்தம் இல்லை மச்சான், முழுசா வருது!'ன்னு அவருக்கு சந்தோஷம்.

ஊரடங்கு வந்தது. முதல் ஆள் என்னவெல்லாம் கேட்கலாம்?

பி.எஃப். கணக்கில் இருந்து மூணு மாச அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், அல்லது இருப்பில் 75 சதவிகிதம், இதில் எது குறைவோ அதைத் திருப்பிக் கட்ட வேண்டாத அட்வான்ஸா எடுக்க 2020 மார்ச் கடைசியிலேயே அனுமதி வந்தது.

வேலையே போயிருந்தா, இ.எஸ்.ஐ-யின் அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம். வேலையிழந்தவருக்கு சராசரிச் சம்பளத்தில் 25 சதவிகிதமாக இருந்த உதவியை, 2020 மார்ச் 24 முதல் 50 சதவிகிதமா உயர்த்தினாங்க. அதிகபட்சம் 90 நாள்.

அவர் வேலை பார்த்த இடம் 100 பேர் வரை உள்ள, பெரும்பாலானவர்கள் 15,000 ரூபாய்க்குக் கீழே வாங்குகிற நிறுவனம் என்றால், அவர் பங்கு, முதலாளி பங்கு ரெண்டும் சேர்ந்த 24 சதவிகித பி.எஃப். தொகையை 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை மத்திய அரசே கட்டியது. இதில் முதலாளிக்கும் லாபம் பாருங்க!

இதெல்லாம் கொரோனாவுக்காக வந்தவை. அதுக்கு முன்னாடியே தொழில் தகராறு சட்டத்தில் 'லே-ஆஃப்' என்று ஒண்ணு இருந்தது. முதலாளியால் வேலை தர முடியாத நாளுக்கு, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் பாதி. ஆனா அதுக்கு நிபந்தனைகள் உண்டு. ஆலை, சுரங்கம், தோட்டம் என்ற மூணு வகைக்கு மட்டும்தான். 50 பேராவது வேலை பார்க்கணும். ஒரு வருஷ சர்வீஸ் வேணும். எல்லாத்துக்கும் மேலே, மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் உங்க பேர் இருக்கணும்.

ரெண்டாவது ஃப்ரெண்டுக்கு? பி.எஃப். நம்பர் இல்லை. இ.எஸ்.ஐ. கார்டு இல்லை. பதிவேட்டில் பேர் இல்லை. சமரசத்துக்குப் போனாலும், 'இவர் யாருன்னே தெரியாது' என்று சொல்லிட்டா அவ்வளவுதான். உழைச்ச உழைப்பு ஒண்ணு, சட்டத்தின் கண்ணுக்குத் தெரிஞ்ச ஆள் பாதி!

மலையில் இருந்து போனவங்க

இந்தக் 'காகிதம் இல்லை' கதை ரொம்ப ஆழமா ஓடுவது கல்வராயன் மலையில். கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறினா, வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட தனித் தாலுகா. பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். 1976 வரைக்கும் ஜாகீர்தார்கள் பிடியில் இருந்த மலை இது. 'கூலி இல்லாமல் வந்து உழைச்சுட்டுப் போ' என்பது அங்கே பழைய தலைமுறை அனுபவிச்ச விஷயம். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நாட்டுக்கே வந்ததும் அதே 1976-ல்தான்.

சாமை, மரவள்ளி, புளி, கடுக்காயை வெச்சு வருஷம் முழுக்க அடுப்பு எரியாது. அதனால் மிளகு பறிக்கக் கேரளா, காபித் தோட்டத்துக்குக் கர்நாடகா, கட்டட வேலைக்குச் சென்னைன்னு இறங்கிப் போறாங்க. யாரோ ஒரு மேஸ்திரி முன்பணம் கொடுத்துக் கூட்டிட்டுப் போவார். தோட்டத்து முதலாளி பேர் என்னன்னு பல பேருக்குத் தெரியாது. முதலாளிக்கும் இவங்க பேர் தெரியாது.

இவங்களுக்காகவே 1979-ல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர் சட்டம் ஒண்ணு இருந்தது. பதிவேடு, பாஸ்புக், போக வர வழிச்செலவு... எல்லாம் அதில் இருந்தது. ஆனா காண்ட்ராக்டர் மூலமா போனவருக்குத்தான் அது பொருந்தும். தானே பஸ் ஏறிப் போனவருக்கு இல்லை. கல்வராயன் மலையில் இருந்து திருப்பூர் போனவருக்கும் இல்லை. அது ஒரே மாநிலமாச்சே!

2020 மே 26-ல் உச்ச நீதிமன்றம் புலம்பெயர் தொழிலாளர் விஷயத்தைத் தானே முன்வந்து கையில் எடுத்தது. ஊர் திரும்புகிறவர்களிடம் ரயிலுக்கோ பஸ்ஸுக்கோ காசு வாங்கக் கூடாதுன்னு மே 28-லும், மிச்சம் இருப்பவர்களை 15 நாளில் ஊர் சேர்க்கணும்னு ஜூன் 9-லும் உத்தரவு போட்டது. சரி, மொத்தம் எத்தனை பேர் போனாங்க, எத்தனை பேர் வழியில் இறந்தாங்க? இறந்தவங்க கணக்கு தங்களிடம் இல்லைன்னு 2020 செப்டம்பரில் மத்திய அரசு நாடாளுமன்றத்திலேயே சொன்னது. பேர் எழுதி வைக்காத சட்டத்துக்கு எண்ணிக்கை எங்கே இருந்து வரும்?

அதுக்கப்புறம்தான், 2021 ஆகஸ்ட் 26-ல் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் தளம் திறந்தது. ஆதார், பேங்க் அக்கவுன்ட் இருந்தா இலவசமாகப் பதியலாம். மலையில் உங்க சித்தப்பா, மாமா யாராவது இன்னும் பதியாம இருந்தா, லீவுக்குப் போகும்போது நீங்களே உட்கார்ந்து பதிஞ்சு கொடுங்க. மலையில் இந்த மாதிரி அடிப்படை விஷயங்கள் எவ்வளவு பின்தங்கி இருந்ததுன்னு வெளியே பெரிசா பேசப்பட்டதே 2024-ல்தான். அந்த வருஷம் ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடிச்சு அறுபதுக்கும் மேற்பட்டவங்க இறந்த பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கைத் தரம் பற்றி சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்து விசாரிச்சது.

'12 மணி நேரம் வேலை பார்!'

ஊரடங்கில் இன்னொரு கூத்தும் நடந்தது. 'ஆள் குறைவு, அதனால் இருக்கிற ஆளை அதிக நேரம் வேலை வாங்கிக்கலாம்'னு சில மாநிலங்கள் கிளம்பின. குஜராத் அரசு 2020 ஏப்ரல் 17-ல் போட்ட அறிவிப்பின்படி, ஆலைகளில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம் வரை வேலை. ஓவர் டைமுக்குச் சட்டப்படி டபுள் சம்பளம் தரணும் இல்லையா? அதையும் வெட்டி, சாதாரண ரேட் போதும்னு சொல்லிட்டாங்க.

இதுக்கு அவங்க பிடிச்ச கொம்பு, ஆலைச் சட்டத்தின் 5-வது பிரிவு. 'பொது அவசரநிலை' வந்தா விலக்கு கொடுக்கலாம் என்கிற பிரிவு. 2020 அக்டோபர் 1-ல் நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான அமர்வு அந்த அறிவிப்பை ரத்து பண்ணியது. 'போர், அந்நியப் படையெடுப்பு, உள்நாட்டுக் கலவரம் இவற்றால் நாட்டின் பாதுகாப்புக்கே ஆபத்து வந்தாதான் அந்தப் பிரிவு. பெருந்தொற்று அதில் வராது. தொழிலாளிக்குப் பாக்கி ஓவர் டைமைக் கொடுங்க' என்று தீர்ப்பு. குஜராத் மஸ்தூர் சபா வழக்குன்னு சொன்னா எந்த லா காலேஜ் ஸ்டூடன்ட்டுக்கும் தெரியும்.

நம்ம ஊரில்? கொரோனா எல்லாம் அடங்கின பிறகு, 2023 ஏப்ரல் 21-ல் ஆலைகளில் வேலை நேரத்தை நெகிழ்த்தும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே எதிர்க்க, மூணே நாளில் நிறுத்தி வைத்து, மே தினத்தன்று வாபஸ்னு முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவிச்சார்.

கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பாக்ஸ்!

வதந்தி: 'ஒரு ஸ்டாஃபுக்கு பாசிட்டிவ் வந்தா முதலாளி ஜெயில், மூணு மாசம் சீல்.' 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப்பில் சுற்றிய பயம் இது. அப்படி எந்த விதியும் இல்லைன்னு ஏப்ரல் 23-ல் உள்துறைச் செயலாளரே கடிதம் எழுதினார்.

அபராதம்: 2020 செப்டம்பரில் தமிழ்நாட்டின் 1939-ம் வருஷச் சட்டத்தைத் திருத்தி, ஸ்பாட் ஃபைன் வந்தது. மாஸ்க் இல்லைன்னா 200 ரூபாய், பொது இடத்தில் துப்பினா 500, விதி மீறும் கடை, சலூன், ஜிம்முக்கு 5,000.

வாடகை: 'கடை மூடியிருந்தது, வாடகை தர மாட்டேன்' செல்லுமா? 2020 மே-யில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு செருப்புக் கடை வழக்கில், 'ஊரடங்கு வந்ததாலேயே வாடகை தானா ரத்தாகாது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்குன்னு பாருங்க' என்றது. அங்கேயும் கடைசியில் காகிதம்தான்!

கடன்: 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளி வைக்க ரிசர்வ் வங்கி அனுமதிச்சது. தள்ளி வெச்ச காலத்துக்கு வட்டிக்கு வட்டி வாங்கக் கூடாதுன்னு 2021 மார்ச் 23-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஊசி: 'தடுப்பூசி போடலைன்னா உள்ளே வராதே' என்ற பேச்சுக்கு 2022 மே 2-ல் ஜேக்கப் புலியெல் வழக்கில் பதில் வந்தது. யாரையும் ஊசி போடச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. தொற்று குறைஞ்ச அன்றைய நிலையில் அந்த மாதிரிக் கட்டுப்பாடுகளைத் தனியார் நிறுவனங்களும் கல்வி நிறுவனங்களும் மறுபரிசீலனை பண்ணணும்னு சொன்னது கோர்ட்.

அடுத்த தடவை வந்தா?

இப்ப முக்கியமான இடத்துக்கு வருவோம். குஜராத் தீர்ப்பு வந்தது 2020 அக்டோபர் 1 இல்லையா? அதுக்குச் சரியா எட்டு நாள் முன்னாடி, செப்டம்பர் 23-ல், மூணு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நாடாளுமன்றம் நிறைவேற்றி முடிச்சிருந்தது. 2019-ல் வந்த ஊதியத் தொகுப்போடு சேர்த்து மொத்தம் நாலு. அஞ்சு வருஷம் தூங்கிட்டு இருந்த அந்த நாலும் 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தன. ஆலைச் சட்டம், தொழில் தகராறு சட்டம், 1979 புலம்பெயர் சட்டம்னு நாம மேலே பார்த்ததில் பலதும் இதற்குள் கரைஞ்சாச்சு.

இதில் ஒரு பக்கம் பாருங்க. பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பில் 'பொது அவசரநிலை, பேரிடர், பெருந்தொற்று' என்று மூணு வார்த்தையும் தனித்தனியா எழுதிட்டாங்க. பெருந்தொற்று வந்தா, ஒரு தடவைக்கு ஒரு வருஷம் வரை, இந்தத் தொகுப்பின் விதிகளில் இருந்து நிறுவனங்களுக்கு அரசு விலக்கு தரலாம். அதாவது 2020-ல் கோர்ட் 'பெருந்தொற்று இதில் வராது' என்று சொன்ன வழி அடுத்த தடவை இருக்காது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும், பெருந்தொற்றுக் காலத்தில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கை மூணு மூணு மாசமாகக் குறைக்கவோ தள்ளி வைக்கவோ மத்திய அரசுக்கு அதிகாரம். தத்தளிக்கிற சின்ன முதலாளிக்கு இது மூச்சு விடும் இடம். வேலை நேரத்தை நம்பி இருக்கிற தொழிலாளிக்கு இது கவலை. ரெண்டும் நிஜம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. 10 பேர் அல்லது அதுக்கு மேல் வேலை பார்க்கிற நிறுவனம், எல்லாத் தொழிலாளிக்கும் அப்பாயின்ட்மென்ட் லெட்டர் கொடுத்தே ஆகணும். சம்பளச் சீட்டு தரணும். மாசச் சம்பளம் அடுத்த மாசம் ஏழாம் தேதிக்குள் வரணும். வேலையை விட்டாலோ, விட வெச்சாலோ ரெண்டு வேலை நாளில் பாக்கியைத் தீர்க்கணும். சம்பளப் பாக்கிக்கு மனு போட மூணு வருஷம் வரை நேரம். மாநிலம் விட்டுத் தானே போய் வேலை தேடிக்கிட்டவரும், மாசம் 18,000 ரூபாய் வரை வாங்கினா, இனி புலம்பெயர் தொழிலாளிதான்.

ஆக, நெருக்கடியில் அரசு ஆர்டர் ஐம்பது நாள் நிற்கும், அறுபது நாள் நிற்கும். நீதிமன்றம் 'பேசுங்க' என்று சொல்லும். விலக்கு வரும், போகும். இத்தனைக்கும் நடுவில் கடைசி வரைக்கும் உங்க கூட நிற்பது, 'இவர் இன்ன தேதியில் இருந்து, இன்ன சம்பளத்துக்கு எங்களிடம் வேலை பார்க்கிறார்' என்று சொல்கிற ஒற்றைக் காகிதம்தான்.

சேரும்போதே செஞ்சுடுங்க!

* அப்பாயின்ட்மென்ட் லெட்டரைக் கேளுங்க. 'அப்புறம் தர்றோம்' என்றால், சேர்ந்த தேதி, சம்பளம் ரெண்டையும் போட்டு ஒரு மெயிலோ வாட்ஸ்அப் மெசேஜோ அனுப்பி, பதில் வாங்கி வெச்சுக்கோங்க.

* சம்பளம் பேங்க் வழியா வரட்டும். பாஸ்புக் பேசற மாதிரி வக்கீல் கூடப் பேச முடியாது!

* பி.எஃப். பிடிச்சா யு.ஏ.என். நம்பரை வாங்கி, பணம் கட்டறாங்களான்னு நீங்களே போனில் பாருங்க. இ.எஸ்.ஐ. வரம்பு மாசம் 21,000 ரூபாய் சம்பளம் வரை.

* கடையில் வேலையா? 1947-ம் வருஷத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி, ஆறு மாசம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணம் இல்லாமலும், ஒரு மாச நோட்டீஸோ அதுக்கான சம்பளமோ இல்லாமலும் அனுப்ப முடியாது.

* பிரச்னையா? முதலில் தொழிலாளர் துறை அலுவலகம். வக்கீல் வைக்கக் காசு இல்லையா? பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், தொழிலாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் சட்ட உதவி இலவசம். தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி எண் 15100.

நாளைக்கு நீங்களே நாலு பேருக்கு வேலை கொடுக்கிற முதலாளி ஆனாலும் இதே விஷயம்தான். பதிவேட்டில் பேர் எழுதி, பி.எஃப். கட்டின முதலாளிக்குத்தான் 2020-ல் அரசு அந்த 24 சதவிகிதத்தைக் கட்டியது. ஆள் பேரை மறைச்சவருக்கு அந்த உதவியும் இல்லை.

முதல் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா புளிசாதம் கட்டிக் கொடுப்பாங்க. அப்பா செலவுக்கு நாலு நோட்டை மடிச்சு வைப்பார். நீங்க அதோட ஒரு காலி ஃபைல் கவரையும் பையில் போட்டுக்கோங்க. அதில் விழப்போற முதல் காகிதம் உங்க அப்பாயின்ட்மென்ட் லெட்டரா இருக்கட்டும்... ஆல் தி பெஸ்ட்!